கல் உண்டு, கத்தி இல்லை

என் தம்பி அடித்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காக்காரி எழுதுகிறாள் என்றதும் "தம்பி ஒரு பாவமும் அறியாதவன், போலீஸ்தான் தூக்கிக்கொண்டு போய்விட்டது" என்று கதை வரும் என்று நினைத்தால், இது அந்தக் கதை இல்லை. 2024 ஆடி மாதம், கூழ் ஊற்றின ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, தண்டையார்பேட்டைப் பக்கம் எங்கள் தெருவில் ஸ்பீக்கர் சத்தத்தில் ஆரம்பித்த தகராறில், இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பையனைக் கல்லால் அடித்தான். தலையில் ஆறு தையல். ஆனால் எஃப்.ஐ.ஆரில் கல் இல்லை, கத்தி இருந்தது. கூட இரண்டு பேர் இருந்தார்கள். "இன்னியோட உன்னத் தீர்த்துடறேன்டா" என்ற வசனமும் இருந்தது. (பிறகு கோர்ட் வராந்தாவில் மற்றவர்களுடைய எஃப்.ஐ.ஆர். எத்தனையோ படித்துப் பார்த்தேன். ஆள் மாறுகிறது, தெரு மாறுகிறது, வசனம் மட்டும் மாறுவதே இல்லை.)

அடித்ததற்கு என்ன தண்டனையோ அதை அவன் வாங்கட்டும் என்றுதான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் கல்லால் ஒரு தடவை அடித்த கேஸ் மூன்று வருஷம் வரை போகிற கேஸ். கத்தியோடு மூன்று பேர் கொல்ல வந்தார்கள் என்றால் அது கொலை முயற்சி, புதிய தண்டனைச் சட்டத்தில் 109-ஆம் பிரிவு, ஆயுள் வரை போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்துக்காகத்தான் பதினைந்து மாதம் அலைந்தேன்.

நான் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். எந்தத் துண்டுச் சீட்டையும் தூக்கிப் போடாத புத்தி இருந்ததால் தப்பித்தோம். சட்டம் தெரிந்து தப்பிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு மஃப்டியில் இரண்டு பேர் வந்தார்கள். "சும்மா விசாரணைதான்மா, ஒரு கையெழுத்து போட்டுட்டு வந்துடுவான்." நானும் டீ போட்டுக் கொடுத்து அனுப்பி வைத்தேன்! என்ன கேஸ், என்ன செக்‌ஷன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஏழு வருஷமோ அதற்குக் கீழோ தண்டனை உள்ள குற்றமென்றால் எடுத்த உடனே கைது செய்யக் கூடாது, ஏன் கைது அவசியம் என்று எழுதி வைக்க வேண்டும், இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. இப்போது அந்த நோட்டீஸ் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 35(3). கொலை முயற்சி என்று போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஒரு செக்‌ஷன் கூடுவதால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு, முதலில் மாறுவது இதுதான்.

அன்று நான் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. அவனை அழைத்துப் போன நேரத்தைத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, பக்கத்து வீட்டு ஆயாவிடம் "பாத்தியா ஆயா, மணி ஆறு பத்து" என்று சொல்லி வைத்தேன். ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியாது, லாரி வந்த நேரம் போன நேரம் குறித்துக் குறித்து வந்த பழக்கம். பிறகு பார்த்தால் கைது மெமோவில் மதியம் இரண்டரை என்று இருந்தது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு எப்போதிலிருந்து ஓடுகிறது என்பதற்கு அந்தக் காலண்டர் தாள்தான் எங்களிடம் இருந்த ஒரே சாட்சி.

ஸ்டேஷன் வாசலிலேயே ஒருவர் வந்து ஒட்டிக்கொண்டார். கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை. "ஸ்டேஷன்லயே முடிச்சிடலாம்மா, ஐயா நமக்கு வேண்டப்பட்டவரு." பதினைந்தாயிரம் கொடுத்தேன். ரசீது இல்லை, வக்காலத்தில் கையெழுத்தும் வாங்கவில்லை, சாயங்காலத்துக்குப் பிறகு போனையும் எடுக்கவில்லை. அந்தப் பணம் போனதுகூட இரண்டாம்பட்சம். அவரை நம்பி உட்கார்ந்திருந்த ஒன்பது மணி நேரத்தில் உள்ளே தம்பி நாலைந்து தாளில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தான், அதில் இரண்டு வெற்றுத் தாள் என்கிறான். நம் ஆளை விசாரிக்கும்போது வக்கீல் கூடவே உட்கார்ந்திருக்க முடியாவிட்டாலும், இடையில் சந்திக்கிற உரிமை உண்டு. உண்மையான வக்கீல் ஒருவர் ஒரு தடவை உள்ளே போய் "எதுல கையெழுத்து கேட்டாலும் படிச்சுட்டுப் போடு" என்று சொல்லியிருந்தாலே போதும்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. அது தெரிந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். "நான் காட்டுகிறேன், வாருங்கள்" என்று சொல்லி ஒரு பொருளை எடுத்துக் கொடுத்ததாக எழுதினால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். எங்கள் கேஸில் ரயில்வே லைன் ஓரம் முள்செடிக்குள் இருந்து ஒரு கத்தி வந்தது அப்படித்தான். மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியதற்கு எழுதும் காகிதத்தில், கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளும் எங்கள் ஏரியாவே இல்லை.

சரியான வக்கீல் கிடைத்தது மறுநாள் காலை. தம்புச் செட்டித் தெருவில் மாடி அறை, எங்கள் ஆபீஸ் ஓனருக்குத் தெரிந்தவர், நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு அம்மா. என்னிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. "அவன் உடம்புல அடி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். வலது கை சுண்டுவிரல் வீங்கியிருந்ததைச் சொன்னேன், மஞ்சள் பற்று போட்டிருக்கிறோம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். எதிர்த் தரப்பில் ஒருத்தன் பந்தல் சவுக்குக் கட்டையைப் பிடுங்கி அடித்ததில் வந்த வீக்கம் அது. தம்பியிடம் கல்லடி பட்ட பையன் அரை மணி நேரத்தில் ஸ்டான்லிக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டான். நாங்கள் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தோம். சண்டை என்றால் இரண்டு பக்கமும் அடி விழும், யாருடைய அடி ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் ஏறுகிறதோ அவன்தான் புகார்தாரர், ஏறாதவன் எதிரி. கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் பெயரே எதிரிதான். முதல் எதிரி, இரண்டாம் எதிரி. அம்மாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் அழுகை வந்தது.

ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் ரிமாண்டுக்கு நிறுத்தியபோது மாஜிஸ்ட்ரேட் வழக்கம்போல "யாராவது அடித்தார்களா, ஏதாவது சொல்ல வேண்டுமா" என்று கேட்டார். தம்பி பயத்தில் இல்லை என்று தலையாட்டப் போனான். வக்கீலம்மா குறுக்கே வந்து விரலைக் காட்டச் சொன்னார், அது எழுத்தில் பதிவானது. புழலுக்குள் போகும்போது அங்கே டாக்டர் பார்த்துக் குறிப்பார் என்பதால் அங்கேயும் விரலைக் காட்டு, எப்போது எப்படி அடிபட்டது என்று சொல் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். அப்படிக் காட்டியதால்தான் சிறையில் இருந்து காவலோடு ஸ்டான்லிக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். விரல் எலும்பு முறிந்திருந்தது. இதைக் கேளுங்கள்: தலையில் ஆறு தையல் போட்ட காயம் சட்டத்தில் சாதாரணக் காயமாக இருக்கலாம், சுண்டுவிரல் முறிவு கொடுங்காயம். எலும்போ பல்லோ முறிந்தாலே கொடுங்காயம்தான், ஏழு வருஷம் வரை தண்டனை. அந்த எக்ஸ்ரே பின்னால் என்ன வேலை செய்தது என்று பிறகு சொல்கிறேன்.

வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. 1987-ஆம் வருஷச் சட்டம் அது. கோர்ட்டிலேயே கேட்கலாம், 15100-க்கு போன் செய்யலாம், சிறைக்குள் இருந்தும் மனு எழுதலாம். "இலவச வக்கீல்னா சும்மா பேருக்கு வருவாங்க" என்று நானும் நினைத்திருக்கிறேன். அந்தப் பதினைந்தாயிரம் ஆசாமியைவிட அவர்கள் ஆயிரம் மடங்கு மேல்.

புழலில் இருபத்திரண்டு நாள். பார்க்கப் போவதை அங்கே "மனு பார்க்கிறது" என்பார்கள். ஆதார் கார்டோடு வரிசையில் நின்றால் அரை நாள் போகும், பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம், அதிலும் பக்கத்தில் இருக்கிறவர்கள் கத்துகிற சத்தத்தில் பாதி காதில் விழாது. நான் சட்டம் படித்தது அந்த வரிசையில்தான். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு அம்மாவின் மகன் கொடுங்காய வழக்கில் உள்ளே இருந்தான். பத்து வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள வழக்கில் அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் தானாகவே உரிமை ஆகிவிடும் (பத்து வருஷம், ஆயுள், மரண தண்டனை வழக்குகளில் தொண்ணூறு நாள்). ஆனால் அந்த உரிமையைக் கேட்க வேண்டும். அவர்கள் வக்கீல் அறுபத்தோராம் நாள் மனுப் போடாமல் விட்டார், மறுநாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. வந்த பிறகு கேட்டால் கிடையாது. "ஒரே நாளும்மா" என்று அந்த அம்மா விரலை நீட்டிச் சொன்னது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்னொரு பயம் குண்டாஸ். எஃப்.ஐ.ஆரில் இரண்டாம் எதிரியாகச் சேர்த்திருந்த பையனுக்குப் பழைய கேஸ் இரண்டு இருந்தது, அதனால் எங்களுக்கும் "குண்டாஸ் வருது, குண்டாஸ் வருது" என்று தினம் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். தமிழ்நாட்டின் 1982-ஆம் வருஷச் சட்டம், விசாரணையே இல்லாமல் பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம், சென்னையில் போலீஸ் கமிஷனர் உத்தரவு போடுவார். ஆள் ரிமாண்டில் இருக்கும்போதே பெரும்பாலும் அந்த உத்தரவு போகும். அவன் மேல் உண்மையிலேயே வந்தது. உத்தரவோடு ஒரு கட்டுப் பேப்பர் கொடுப்பார்கள், புக்லெட் என்பார்கள். அதை ஒரு பக்கம் விடாமல் படிக்க வேண்டும். படிக்க முடியாத ஜெராக்ஸ், தமிழாக்கம் இல்லாத ஆங்கிலப் பக்கம், நாம் அனுப்பிய முறையீட்டைப் பார்க்காமல் அரசாங்கம் நாள் கடத்தியது, இப்படிப்பட்ட காரணங்களில்தான் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுவில் நிறைய உத்தரவுகள் ரத்தாகின்றன. அவனுடையதும் மாசக்கணக்கில் காத்திருந்து ஒரு மங்கலான பக்கத்தால்தான் ரத்தானது.

மூன்றாம் எதிரிக்கு வயது பதினேழு. எஃப்.ஐ.ஆரில் பத்தொன்பது என்று இருந்தது. அவன் அம்மா பள்ளிச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பிறகுதான் கேஸ் கெல்லீஸில் இருக்கும் சிறார் நீதிக் குழுமத்துக்குப் போனது. பிள்ளைகளுடைய டி.சி., மார்க் ஷீட் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள்.

ஜாமீனுக்கு வருகிறேன். மாஜிஸ்ட்ரேட்டிடம் தள்ளுபடி, அது எதிர்பார்த்ததுதான். பிறகு ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கும் முதன்மை செஷன்ஸ் கோர்ட். அங்கே நீதிபதி கேட்ட முதல் கேள்வி, "காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா?" சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு விதி இருக்கிறதா என்றால் இல்லை, ஆனால் அடிதடி ஜாமீன் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. ஆள் இன்னும் வார்டில் இருக்கிறார் என்று அரசு வக்கீல் சொன்னால் அநேகமாக அன்று கிடைக்காது. முதல் தடவை நாங்கள் அவசரப்பட்டுப் போட்டு அப்படித்தான் வாபஸ் வாங்கினோம். இரண்டாவது தடவை டிஸ்சார்ஜ் ஆனது உறுதியான பிறகு போட்டோம்.

அன்றைக்குத்தான் ஏ.ஆர். காப்பி பற்றிப் பேச்சு வந்தது. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். அடிபட்டவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனதும் டியூட்டி டாக்டர் யார், எதனால், எத்தனை மணிக்கு அடித்ததாகச் சொல்கிறார் என்று கேட்டு எழுதுவார். போலீஸ் வருவதற்கு முன்னால், பெரியவர்கள் கூடி யோசனை சொல்வதற்கு முன்னால், ரத்தம் வழிய நிற்கும்போது வாயில் வந்த முதல் பேச்சு அது. எங்கள் கேஸில் அதில் இருந்தது: "தெரிந்த ஒரு நபர் கல்லால் தாக்கியதாக." ஒரு நபர், கல். காயத்தைக் கிழிந்த காயம் என்று எழுதியிருந்தார். கத்தி பட்டால் ஓரம் நறுக்கென்று இருக்கும் வெட்டுக்காயம் வர வேண்டும். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. வக்கீலம்மா வெளியே வந்து என்னை அடக்கினார்: "தலையில எலும்பு மேல தோல் கிழிஞ்சா அதுவும் வெட்டு மாதிரியே தெரியும்னு டாக்டர் சொல்லலாம். காயத்த மட்டும் நம்பாத. 'ஒரு நபர்'ங்கற வார்த்தைய நம்பு."

இந்தக் காகிதம் எதிரிக்குக் கையில் கிடைப்பது குற்றப்பத்திரிகை நகலோடுதான், அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஆனால் ஜாமீன் மனுவின்போதே கோப்பில் இருக்கும், அதைப் பாருங்கள் என்று நீதிபதியிடம் கேட்கலாம். கேட்கிற வக்கீலும் இருக்கிறார், கேட்காத வக்கீலும் இருக்கிறார்.

ஜாமீன் கிடைத்த வெள்ளிக்கிழமை ஆள் வெளியே வரவில்லை. இரண்டு ஜாமீன்தாரர்கள் காகிதத்தோடு வந்து நிற்க வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவு. மாமா வர மறுத்துவிட்டார். கோர்ட் வாசலில் ஆள் பிடித்துத் தருகிறேன் என்று ஒருவன் வந்தான், வக்கீலம்மா பார்த்த பார்வையில் ஓடிவிட்டான். பொய் ஜாமீன்தாரர் நிறுத்துவது தனிக் கேஸ். திங்கட்கிழமை சித்தப்பா ராணிப்பேட்டையிலிருந்து வந்தார். ஜாமீன்தாரரை ஜாமீன் மனுப் போடுகிற அன்றே பேசி வையுங்கள்.

தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. தம்பி கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வரிசையில் நின்றால் எப்போது நகரும் என்று கடவுளுக்கே தெரியாது, இதில் பத்தரைக்கு எங்கே வருவது? இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. பிறகு நிபந்தனையைத் தளர்த்த மனுப் போட்டோம். ஒரு நாளும் விடாமல் போட்ட கையெழுத்துதான் அந்த மனுவுக்குப் பலம்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா அவனைத் தனியாக உட்கார வைத்து, என்னையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "அவன் உன்னை நோக்கி வரும்போது அடிச்சியா, ஓடும்போது அடிச்சியா?" தற்காப்பு என்று வாதாட முடியுமா என்பது இதில்தான் இருக்கிறது. வரும்போது என்று சொல்லியிருக்கலாம். ஓடும்போது என்று சொன்னான். "நல்லவேள, உண்மையச் சொன்ன. அப்ப தற்காப்பு பேசப்போறதில்ல" என்று அந்தக் கதவை அங்கேயே மூடிவிட்டார். வக்கீலிடம் சொன்னது அவர் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அவரிடமும் கதை விட்டால், அது மெடிக்கல் ஷாப் கேமராவில் உடையும்போது அவர் கையிலும் ஒன்றும் இருக்காது.

அந்தக் கேமராவை நான் மறந்தே போயிருப்பேன். பதினைந்து நாளில் பழைய பதிவு அழிந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார், எனக்குக் கொடுக்கவும் மாட்டேன் என்றார். தம்பி உள்ளே இருக்கும்போதே வக்கீல் எழுத்தில் கேட்டதும் எடுத்து வைத்தார், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டார், அது இல்லாமல் கோர்ட்டில் ஏறாது. அதில் சண்டை தெரியவில்லை, ஓடுகிறவன் ஒருவன், துரத்துகிறவன் ஒருவன். மூன்று பேர் இல்லை.

விரல் முறிவுக்கு நாங்கள் கொடுத்த எதிர்ப் புகாருக்கு முதலில் சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்ற ரசீதுதான் கிடைத்தது. துணை கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகு எஃப்.ஐ.ஆர். ஆனது. ஒரே சண்டையில் இரண்டு வழக்கு என்றால் ஒரே அதிகாரி இரண்டையும் சேர்த்து விசாரித்து யார் முதலில் கை வைத்தார் என்று பார்க்க வேண்டும் என்பது போலீஸ் நிலையாணையிலேயே இருக்கிறது. குற்றப்பத்திரிகை வந்தபோது 109 போய்விட்டது, மூன்று வருஷம் வரை போகிற 118(1) நின்றது. கத்தி மட்டும் பட்டியலில் அப்படியே இருந்தது.

எதிர்த் தரப்புக்கும் அப்போதுதான் உறைத்தது, தங்கள் பையன் மேல் இருப்பது ஏழு வருஷக் கேஸ் என்று. ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் அந்தப் பையனின் அம்மா என் அம்மாவிடம், "இன்னாத்துக்குக்கா ரெண்டு பேரும் கோர்ட்டாண்ட அலையணும்" என்றார். அம்மா அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போகக் கிளம்பினாள். நான் விடவில்லை. ஜாமீனில் இருப்பவன் வீட்டார் புகார்தாரர் வீட்டுக்குப் போனால் சாட்சியை மிரட்டினார்கள் என்று ஒரே மனுவில் ஜாமீன் போய்விடும். வக்கீல்கள் மூலமாகத்தான் பேசினோம். அவன் ஆஸ்பத்திரிச் செலவையும் வேலைக்குப் போகாத நாள் கூலியையும் கொடுத்தோம், கொடுக்க வேண்டியதுதானே. 118(1) சமரசம் ஆகக்கூடிய பிரிவு இல்லை, அதனால் கீழ்க்கோர்ட்டில் முடிக்க முடியாது. இரண்டு வழக்கையும் சேர்த்து ஹைகோர்ட்டில் ரத்து கேட்டோம். 2012-இல் உச்ச நீதிமன்றம் கியான் சிங் வழக்கில் திறந்துவிட்ட வழி அது, கொலை, பாலியல் பலாத்காரம் மாதிரியான வழக்குகளுக்கு அது கிடையாது. இரண்டு பையன்களும் அடையாள அட்டையோடு நீதிபதி முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார், இல்லை என்றார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ரத்து உத்தரவுக்கு நான்கு சான்றிட்ட நகல் வாங்கினேன். ஒன்று கீழ்க்கோர்ட்டுக்கு, ஒன்று ஸ்டேஷனுக்கு, ஒன்று துறைமுக கேட் பாஸ் புதுப்பிக்க, ஒன்று பீரோவில் அம்மா புடவைக்கு அடியில். ஸ்டேஷன் நகலைக் கொடுத்தபோது இன்னொரு ஜெராக்ஸில் "பெற்றுக்கொண்டேன்" என்று சீல் போட்டு வாங்கினேன், ரைட்டர் சிரித்தார். மூன்று மாதம் கழித்து கேட் பாஸ் விசாரணைக்காக அவரே போன் செய்தார்: "இன்னொரு காப்பி இருக்காம்மா? நீ குடுத்தது எங்க வச்சோம்னு தெரியல."